மூணு ஹெச்.பி. ஆண்ட்ராய்டு

போன ஆவணியில் சூலூர் ரோட்டிலுள்ள என் மூன்றாவது ஷெட்டில் ஒரு ரோபோ கையை இறக்கினேன். மஞ்சள் நிறம், ஆள் உயரம், வெல்டிங் அடிக்கிற கை. பார்க்க வந்த நம் பழைய பள்ளிக்கூடத்துக்காரர்கள் நீங்கள் அத்தனை பேரும் வாயைத் திறந்தபடி நின்றீர்கள். ஆளுக்கொரு போட்டோ எடுத்துப் பேரப்பிள்ளைகளுக்கு அனுப்பினீர்கள். நான் மட்டும் எடுக்கவில்லை. மெஷின் வாங்கிய திமிர் என்று உங்களில் ஒருவர் என் காதுபடவே சொன்னார். திமிர் உண்டுதான். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், இன்றைக்கு இன்ஜினியர்களுக்குச் சம்பளம் போடுகிறவன், கொஞ்சம் திமிர் இல்லாவிட்டால் எப்படி? ஆனால் போட்டோ எடுக்காததற்குக் காரணம் வேறு. எனக்கு ஆச்சரியமே வரவில்லை. ஆறாவது முழுப்பரீட்சை லீவில், நீங்களெல்லாம் கில்லி அடித்துக்கொண்டிருந்தபோது, நான் ஆண்ட்ராய்டாக இருந்தேன்.

சிரித்து முடித்துவிட்டுப் படியுங்கள்.

அப்போது நாங்கள் கணபதியில், முதலாளியின் பட்டறைக் காம்பவுண்டுக்குள்ளேயே குடியிருந்தோம். முன்னால் முதலாளி வீடு, நடுவில் மோட்டார் பம்பு வார்க்கிற பட்டறை, பின்னால் வேலைக்காரர்களுக்கு ஓடு போட்ட லைன் வீடுகள். அப்பா அங்கே மண்ணில் அச்சுப் பிடிக்கிறவர். அதற்கு முன்னால் எங்கள் ஆட்கள் முதலாளியின் அப்பாருடைய தோட்டத்தில் பண்ணையத்தில் இருந்தவர்கள். தோட்டம் பட்டறையானபோது நாங்களும் மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் பட்டறைக்கு வந்தோம். கை கட்டி நிற்பது மட்டும் அப்படியே கூட வந்தது.

எதிர் லைனில் ஒரு ஃபிட்டர் குடும்பம் இருந்தது. கெட்டிக்கார மனிதர். ஒருநாள் முதலாளி ஒரு வேலையை அவசரமாகக் கேட்டபோது, "அதெப்படி முடியும்?" என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான் கேட்டார். மரியாதைக்கு ஒரு 'ங்க' சேர்த்திருந்தால் பிழைத்திருப்பார் என்று எல்லாரும் சொன்னார்கள். மறுநாள் காலையில் அவர்கள் வீட்டுச் சட்டி பானையெல்லாம் வாசலில் கிடந்தது. அவர் பெண்டாட்டி கட்டிலை நிமிர்த்தி வைத்து, அதில் சாய்ந்து நின்றபடி மாட்டு வண்டிக்குக் காத்திருந்ததை நான் பார்த்தேன். அன்றைக்கு அம்மா என் தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "வாயில ங்க இருக்கோணும் கண்ணு. அது இருந்தாத்தான் நமக்கு ஊடு இருக்கும்."

இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

முதலாளி மகனுக்கு என் வயது. அவனை நான் 'சின்னவருங்க' என்றுதான் கூப்பிட வேண்டும், அவன் அப்பாவை 'பெரியவருங்க' என்று. அவனுடைய மாமா பெங்களூரிலிருந்து படம் போட்ட இங்கிலீஷ் புத்தகங்கள் கொண்டுவந்து கொடுப்பார். ஆகாயக் கப்பல், வேறு உலகம், வால் முளைத்த மனிதர்கள் என்று பக்கத்துக்குப் பக்கம் இருக்கும். அதைப் பாதி படித்து, மீதியைக் கற்பனையாக இட்டுக்கட்டி எங்களுக்குச் சொல்வான். எங்களுக்கு என்றால் எனக்கும், பக்கத்து வீட்டு அக்காவுக்கும். அக்கா எங்களைவிடக் கொஞ்சம் மூத்தவள், பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு எதிலும் ஏறுவாள். அந்த லீவில் அவன் கேப்டன், அக்கா டாக்டர். கப்பல், பட்டறைக்குப் பின்னால் பழைய இரும்பு கொட்டி வைத்திருக்கிற இடம். உடைந்த லேத்து, முள் நின்றுபோன மீட்டர்கள், பல்லுப்போன சக்கரங்கள். அச்சு மண்ணில் பாகு ஊற்றிப் பிசைவார்கள். உருக்கிய இரும்பு பட்டு அது கருகுகிற தித்திப்பு வாசனை எப்போதும் காற்றில் இருக்கும். எங்களுக்கு அதுதான் ஆகாயத்தின் வாசனை.

எனக்கு என்ன வேஷம் என்று வந்தபோது கேப்டன் புத்தகத்தில் ஒரு படத்தைக் காட்டினான். பார்த்தால் ஆள் மாதிரியே இருந்தது. இது ரோபோ இல்லை, ரோபோ என்றால் தகர டப்பா, இது ஆண்ட்ராய்டு, மேலே மனுசன் உள்ளே மெஷின் என்றான். தலையில் டின்னைக் கவிழ்க்க ஆசையாக இருந்த எனக்கு ஏமாற்றம். அக்காதான் சமாதானம் செய்தாள். இடது முழங்கைக்குக் கீழே தோல் உரிந்து இரும்பு தெரிகிறது என்று வைத்துக்கொள்ளலாம் என்றாள். பம்புக்கு அடிக்கிற வெள்ளிப் பெயிண்ட்டை விரலில் தொட்டுத் தொட்டு என் கையில் பூசினாள். வெயிலில் காய்ந்ததும் தோல் இழுத்துப் பிடித்தது. அந்த இழுப்பில்தான் நான் மெஷினாக ஆரம்பித்தேன் என்று சொல்ல வேண்டும்.

பிறகு கேப்டன் என்னை ஒரு டிரம்மின் மேல் உட்கார வைத்து விசாரித்தான். பெரியவர்கள் புது ஆளைப் பார்த்தால் கேட்பார்களே, அதே கேள்விகள்.

"ஊரு?"

"இல்லை."

"என்ன கூட்டம்?"

"இல்லை."

"அப்பன் பேரு?"

"இல்லை."

"எத்தனை ஹெச்.பி.?"

கடைசிக் கேள்வி மட்டும் மோட்டாருக்குக் கேட்பது. பத்துக் குதிரை சக்தி என்றேன். அது முடியாது, பத்து ஹெச்.பி. கப்பலுக்கு, உனக்கு மூணு போதும் என்றான். பத்து, மூணு என்று கொஞ்ச நேரம் ஓரியாட்டம் நடந்தது. கடைசியில் மூணுக்கு ஒப்புக்கொண்டேன். அதுவே என் பெயரும் ஆயிற்று. அந்த டிரம்மிலிருந்து இறங்கும்போது உடம்பு லேசாக இருந்தது. ஊரும் இல்லை, குலம் சொல்கிற கூட்டமும் இல்லை, அப்பன் பேரும் இல்லை என்று ஒருவன் வாயால் சொல்லிவிட்டு, அதற்காக யாரிடமும் திட்டு வாங்காமல் இறங்கி நடக்க முடியும் என்பது எனக்குப் புதிது.

ஆண்ட்ராய்டு எப்படிப் பேசும் என்பதையும் முடிவு செய்தோம். ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி. அது பொய் சொல்லாது, அழாது. ஆட்களைப் பெயர் சொல்லியோ முறை சொல்லியோ கூப்பிடாது. கேப்டன் என்றால் கேப்டன், டாக்டர் என்றால் டாக்டர். சொன்ன செய்தியை எதிராளி ஏற்கிறவரைக்கும் திரும்பத் திரும்பச் சொல்லும். அப்புறம் கேப்டன் தானாகவே ஒன்று சேர்த்தான். "மெஷினுக்கு ங்க வராது."

என் கழுத்தில் எரிந்துபோன ஸ்டார்ட்டரிலிருந்து கழற்றிய கறுப்பு ஸ்விட்சை, மோட்டார் காயிலின் செப்புக் கம்பியில் கோத்து மாட்டினார்கள். பித்தளைக் குமிழ் வைத்த உருண்டை ஸ்விட்ச், நெஞ்சில் ஆடும். அதைக் கேப்டன் மட்டும்தான் போடலாம், கேப்டன் மட்டும்தான் அணைக்கலாம்.

முதல் தடவை அவன் குமிழை மேலே தட்டியதும், "கேப்டன், நீ தவறான திசையில் போகிறாய்" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. சின்னவரை நீ என்றிருக்கிறேன். அவன் முகத்தைப் பார்த்தேன். ஒன்றுமே நடக்காத மாதிரி மீட்டரைத் திருப்பி, "சரி மூணு, எந்தத் திசை?" என்றான். அன்று முழுக்க அவனுக்கு நூறு தவறு கண்டுபிடித்தேன். அக்கா கப்பலுக்கு வெளியே என்னிடம், "உனக்கு இது ரொம்பத்தான் புடிச்சிருக்குதாட்ட இருக்குது, பாத்துக்கோ" என்றாள்.

ஒரு நாள் கேப்டனை வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். ஸ்விட்சை அணைக்காமலே ஓடிவிட்டான். நான் நேர்மையான மெஷின். அம்மா சோறு போட்டுக் கூப்பிட்டபோது, "எனக்கு உணவு தேவையில்லை" என்றேன். என்னடா பேச்சு இது என்று அப்பா உற்றுப் பார்த்தார். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். அந்தப் பழைய இரும்புக் காட்டில் ஏதோ காற்று கருப்பு தொட்டுவிட்டது என்று அவளுக்கு முடிவாகிவிட்டது. மண்ணெண்ணெயைத் துணியில் தொட்டு என் கையிலிருந்த வெள்ளியைத் தேய்த்து எடுத்தாள். உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள், மாரியம்மன் கோயில் பூசாரியிடம் கூட்டிப்போய் வேப்பிலை அடிக்க வைத்தாள். இலை முகத்தில் படும்போதும் நான் அழவில்லை. அது அவளை இன்னும் பயமுறுத்தியது. இன்று நினைத்தால் பாவமாக இருக்கிறது. பிள்ளை மெஷினானான் என்று எந்தத் தாய் கண்டுபிடிப்பாள்?

இனிமேல் சொல்வதுதான் விஷயம்.

பழைய இரும்புக்கு நடுவில் ஒரு எண்ணெய்த் தொட்டி கிடந்தது. ஏதோ மில் ஏலத்தில் எடுத்தது. படுக்கை வாட்டில் லாரி நீளம், மேலே ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு வட்ட மூடி. பல காலமாகத் திறக்காதது. அதுதான் அடுத்த உலகம் என்று கேப்டன் குறி வைத்திருந்தான்.

அன்றைக்குப் பட்டறை லீவு. முதலாளியின் தங்கையைப் பெண் பார்க்கப் பல்லடம் பக்கத்திலிருந்து மாப்பிள்ளையோடு அவர் வீட்டு ஒறம்பரை வந்திருந்தது. முன் வீட்டில் கார்கள், வெள்ளை வேட்டிகள், பலகார வாசனை. பெரியவர்கள் கண் அங்கே இருந்ததால் எங்களுக்கு இங்கே வசதி. கேப்டன் தோளில் தங்கச் சரிகைப் பட்டை வைத்த சட்டை போட்டிருந்தான். அது முதலாளியம்மா பழைய ரவிக்கைக் கரையை வெட்டித் தைத்துக் கொடுத்தது. அக்கா என் கையில் புதிதாக வெள்ளி பூசினாள், அது காய்வதற்குள் கேப்டன் என் ஸ்விட்சைத் தட்டினான். இரண்டு பேரும் ஸ்பேனர் போட்டு மூடியைத் திறந்தோம். உள்ளிருந்து துருவும் எண்ணெயும் கலந்த கனத்த நாற்றம் வந்தது.

மெஷினை முதலில் இறக்குவதுதான் முறை என்றேன். கேப்டன் கேட்கவில்லை. புது உலகத்தில் முதல் கால் என்னுடையது என்று குதித்துவிட்டான். உள்ளே அவன் காலடி டங்கென்று கேட்டது. சிரித்தான். ஏதோ சொன்னான். அடுத்துச் சொன்னது குழறியது. பிறகு சத்தமே இல்லை.

அக்கா குனிந்து பார்த்தாள். அவன் சுவரில் சாய்ந்து, தூங்குகிறவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். அக்காவின் முகம் வெளுத்தது. நம் ஊர்ப்பக்கம் பாழுங்கிணற்றில் இறங்கியவர்கள் விஷக்காற்றில் அப்படியே உட்கார்ந்துபோன கதை யாருக்குத்தான் தெரியாது? நான் ஒரு காலை உள்ளே விட்டேன். அவள் என் தலைமயிரைப் பிடித்து இழுத்தாள்.

"எனக்கு மூச்சு தேவையில்லை" என்றேன்.

"தேவையில்லாதவன் ஏண்டா இப்பிடி மூச்சு வாங்கறே? போய்ப் பெரியவரைக் கூட்டிட்டு வா. ஓடு."

ஓடினேன். அந்த ஓட்டத்தை இன்னும் கனவில் ஓடுகிறேன்.

முதலாளி வீட்டு ஹாலுக்குள் அதுவரை நான் கால் வைத்ததில்லை. என் அப்பாவும் வைத்ததில்லை. அன்றைக்கு நாற்காலி தூக்க அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். வாசற்படி வரை கொண்டுவந்து கொடுப்பார், உள்ளிருந்து வேறு ஆள் வாங்கிக்கொள்வார். எங்கள் வழக்கப்படி நான் படிக்குக் கீழே கை கட்டி நின்று, முதலாளி என் பக்கம் திரும்புகிறவரைக்கும், "என்றா?" என்று கேட்கிறவரைக்கும் காத்திருக்க வேண்டும். நின்று பார்த்தேன். அவர் திரும்பவில்லை. வாயைத் திறந்தேன். என் சொந்தக் குரல் வரவில்லை. பெரியவருங்க என்று ஆரம்பிக்க வேண்டிய குரல் தொண்டையிலேயே கை கட்டி நின்றுவிட்டது. இன்னொரு குரல் மட்டும் தயாராக இருந்தது.

நேராக உள்ளே போனேன். ஜமுக்காளத்தின் நடுவில் நின்று முதலாளியைப் பார்த்துச் சொன்னேன். "கப்பலில் காற்று இல்லை. கேப்டன் பதில் சொல்லவில்லை. நீ உடனே வர வேண்டும்."

மாப்பிள்ளையின் பெரியப்பா காப்பியைக் கீழே வைத்து, "ஏனுங்க, உங்க பட்டறையில பொடுசுக எல்லாம் இப்பிடித்தான் பேசுமுங்களா?" என்று மெல்லக் கேட்டார். முதலாளியின் காது மடல் சிவந்தது. அடுத்த கணம் என் கன்னத்தில் விழுந்த அடி அப்பாவுடையது. அந்த ஹாலுக்குள் அவர் முதன்முதலாகக் கால் வைத்தது என்னை அடிக்கத்தான். இன்னொரு கையால் என் வெள்ளிக் கையைப் பற்றி இழுத்தார். கழுத்துக் கம்பி அறுந்து ஸ்விட்ச் நாற்காலிகளுக்கு அடியில் உருண்டோடியது.

"கப்பலில் காற்று இல்லை. கேப்டன் பதில் சொல்லவில்லை. நீ உடனே வர வேண்டும்."

மறுபடி அடி. சின்னவர் செத்துக்கொண்டிருக்கிறார் என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். நானும் என்னை எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். அந்தக் குரலில் சின்னவர் என்ற சொல் கிடையாது. என் குரலுக்கு மாறினால் எதுவுமே வராது. மூன்றாவது தடவையும் அதையே சொன்னேன்.

சமையலறை வாசலில் முதலாளியம்மா பலகாரத் தட்டோடு வந்து நின்றாள். கேப்டன் என்ற சொல் அவள் காதில் விழுந்தது. சரிகைப் பட்டை தைத்தவள் அல்லவா.

"கேப்டன் எங்கடா கண்ணு?"

"எண்ணெய்த் தொட்டி. உள்ளே."

தட்டு விழுந்த சத்தம் கேட்டபோது அவள் பின்வாசலைத் தாண்டியிருந்தாள். மொத்தக் கூட்டமும் பின்னால் ஓடியது.

அக்கா தொட்டி மேல் ஏறி ஒரு வேப்பங்கிளையை மூடிக்குள் விட்டு மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தாள். காற்றை அசைக்கிறாளாம். அழுதுகொண்டே ஆட்டினாள். முதலாளி, உள்ளே மகனைக் கண்டதும் அப்படியே உள்ளே குதிக்கப் போனார். அப்பா பாய்ந்து அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்துக் கீழே தள்ளினார். "எறங்காதடா. எறங்குனா நீயும் செத்துருவே."

முதலாளியை டா போட்டது என் காதில் விழுந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா காதிலும் விழுந்தது. அப்பாவுக்குத் தான் சொன்னது தெரிந்த மாதிரியே இல்லை. பக்கத்தில் கிடந்த கயிற்றை இடுப்பில் கட்டி, மறுமுனையை யார் கையிலோ திணித்தார், மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு இறங்கினார். கயிற்றைப் பிடித்திருந்தது மாப்பிள்ளை. புது வேட்டி முழுக்கத் துரு. முதலாளி மண்ணில் உட்கார்ந்திருந்தார். உள்ளே எதுவோ உரசுகிற சத்தம். பிறகு கேப்டனின் தலை மூடிக்கு மேலே வந்தது, உதடு நீலம் பாய்ந்து. இழுத்துப் போட்டார்கள். அப்பாவும் ஏறி வந்து பக்கத்தில் விழுந்தார். முதலாளியம்மா மகனை மடியில் போட்டு உலுக்கினாள். ரொம்ப நேரம் என்று தோன்றிய ஒரு நேரத்துக்குப் பிறகு அவன் இருமினான், வாந்தி எடுத்தான். அவன் சட்டை நெஞ்சில் அப்பாவின் உள்ளங்கை வெள்ளியில் பதிந்திருந்தது. என் கையிலிருந்து அவர் கைக்கு ஒட்டியது.

யாரும் என்னைப் பார்க்கவில்லை. நான் அழவும் இல்லை. என்னை யாரும் அணைக்கவில்லையே.

அந்தச் சம்பந்தம் முடிவானது. வேட்டியில் துரு ஏறிய மாப்பிள்ளை நல்ல மனிதர் என்று பெண்ணுக்கும் பிடித்துப்போனது. ஆனால் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தாலும் யாருக்கும் சோறு இறங்கவில்லை. ஒறம்பரைக்கு முன்னால் முதலாளியை நீ என்ற பையன். அந்தப் பேச்சு லைன் முழுக்க நடந்தது. பிள்ளையைக் காப்பாற்றியது ஒரு தட்டில், அந்த 'நீ' இன்னொரு தட்டில் என்று எங்கள் ஆட்களே எடை போட்டார்கள். எது தாழும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அம்மா பித்தளைப் பாத்திரங்களை ஒரு சாக்கில் எடுத்து வைத்துவிட்டாள். காலி பண்ணச் சொன்னபிறகு மூட்டை கட்டிக்கொண்டிருந்தால் அசிங்கமாம்.

நிச்சயதார்த்தத்தன்று ஆள் வந்தது, அப்பாவும் பையனும் வரச் சொல்லி. அப்பா என் கழுத்தின் பின்னால் கை வைத்துத் தள்ளிக்கொண்டே போனார். வழியெல்லாம் சொல்லிக் கொடுத்தார். படிக்குக் கீழே நின்றோம். மேலே நாற்காலியில் முதலாளி, பக்கத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா, தூணோரம் பட்டறை மேஸ்திரி.

"தப்புங்க. தெரியாமச் சொல்லிப்போட்டேனுங்க. மன்னிச்சுக்கோங்க" என்றேன். ஒரு 'ங்க' விடவில்லை. அப்பாவின் கை கொஞ்சம் தளர்ந்தது.

முதலாளி தலையாட்டவில்லை. "அது கெடக்குது. உங்கொப்பன் அன்னைக்குத் தொட்டிகிட்ட என்னைய என்ன சொன்னான்னு உனக்குக் கேட்டுதாடா?"

அப்பா ஒன்றும் புரியாமல், நான் என்னங்க சொன்னேன் என்றார். நிஜமாகவே தெரியாது அவருக்கு. பெரியப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி தரையைப் பார்த்தார். என் கண்ணுக்கு முன்னால் ஃபிட்டர் வீட்டுக் கட்டில் நிமிர்ந்து நின்றது. மெஷின் பொய் சொல்லாது. மெஷின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, ஸ்விட்ச் அந்த ஹாலில் எங்கோ குமிழ் மேலே நின்றபடி கிடந்தது. சொல்லு சொல்லு என்று உள்ளே அது முனகியது. எறங்காதடா. நீயும் செத்துருவே. எழுத்துக்கு எழுத்து என்னிடம் இருந்தது.

"கேக்கலீங்க" என்றேன். "சத்தமா இருந்துதுங்க."

முதலாளி என்னைப் பார்த்தார். பிறகு பெரியப்பா பக்கம் திரும்பி, "பையனுக்கே கேக்கலையாமுங்க" என்றார். எங்களைப் போகச் சொன்னார். அம்மா அன்று சாக்கைப் பிரித்தாள்.

அவர் மிரட்டினார் என்றுதான் வெகு காலம் நினைத்திருந்தேன். நானே முதலாளியாகி, சம்பந்திகளுக்கு முன்னால் நாலு பேர் பார்க்க உட்கார வேண்டி வந்த பிறகு, வேறு மாதிரியும் தோன்றுகிறது. அந்த ஆளுக்கும் அந்தப் பெரியப்பா முன்னால் ஒரு பொய் தேவைப்பட்டிருக்கும். அவரால் சொல்ல முடியாது. அதை என் வாயால் கொண்டுவரச் சொல்லி ஆள் அனுப்பினார். எது சரி என்று கேட்டு முடிவு செய்ய இன்றைக்கு அவரும் உயிரோடு இல்லை, அப்பாவும் இல்லை.

ஆட்டம்தான் பிள்ளையைக் கெடுத்தது என்று சின்னவரை ஊட்டியில் ஒரு ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்கள். தொட்டியை வெட்டி உலையில் போட்டுப் பம்பாக ஊற்றினார்கள். நம் பக்கத்துக் கிணறு எதிலாவது எங்கள் கப்பல் இன்றைக்கும் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கலாம். ஸ்விட்சை வீடு கூட்டுகிறவர்கள் குப்பையில் கொட்டியிருப்பார்கள். கார் கிளம்பும்போது கேப்டன் கண்ணாடிக்குள்ளிருந்து என் நெஞ்சைப் பார்த்து ஒற்றை விரலை நீட்டினான். அணைக்கத்தான். டிரைவர் கியரைப் போட்டுவிட்டார்.

மறு வருடம் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். பிற்பாடு காந்திபுரத்தில் ஒரு பேங்கில், படித்தவர்கள் வரிசையில் கை பிசைந்து நின்றபோது, நான் மேனேஜர் ரூம் கதவைத் திறந்து நேராகப் போய், பட்டறை வைக்க எனக்கு எவ்வளவு கடன் வேண்டும் என்று சொன்னேன். ங்க போட்டுத்தான் சொன்னேன். ஆனால் நடந்து போன கால் யாருடையது என்று எனக்குத் தெரியும். நான் எப்படி மேலே வந்தேன் என்று மேடைக்கு மேடை கேட்கிறீர்களே, இதுதான்.

சின்னவர் வெளிநாட்டில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊருக்கு வரும்போதெல்லாம் நான் வாங்க போங்க என்பேன், அவர் வா போ என்பார். இருவருக்கும் முடி நரைத்தும் அது மாறவில்லை. போன மாதம் என் ஷெட்டுக்கு வந்தார். ரோபோ கையைச் சுற்றி வந்தார். அதிலிருக்கிற சிவப்புப் பொத்தான் எதற்கு என்று கேட்டார். அவசரத்துக்கு நிறுத்துவதற்குங்க என்றேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஊரு?" என்றார்.

நிமிர்ந்து நின்றேன். "இல்லை."

"எத்தனை ஹெச்.பி.?"

"மூன்று."

அவர் கண் கலங்கிவிட்டது. ஒற்றை விரலை நீட்டி, ஸ்விட்ச் தொங்கிய இடத்துக்கு, என் சட்டையின் இரண்டாவது பொத்தானுக்குக் கொண்டுவந்தார். சுற்றி என் ஆட்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தொடாதே" என்றேன்.

விரல் அப்படியே நின்றது. பிறகு அவர் கையை மடக்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "சரி மூணு" என்றார்.